பெதஸ்தா குளமும் ஒரு ஜெபக்குறிப்பும்

பழகிப்போன வேதபகுதியில் புது வெளிச்சம் காண்பது எனக்குக் கிடைத்த வரம் என்று எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. மறுப்பதுபோல் ஒருமுறை தலையை ஆட்டுவேன், அது தாழ்மைக்காக. கெட்ட குமாரன் கதை வந்தால் நான் இளையவனைப் பற்றியும் பேசமாட்டேன், மூத்தவனைப் பற்றியும் பேசமாட்டேன். அடிக்கப்பட்ட கொழுத்த கன்றைப் பற்றிப் பேசுவேன். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வந்தால், மிச்சத்தைச் சேர்த்த பன்னிரண்டு கூடைகள் அந்த வனாந்தரத்தில் எங்கிருந்து வந்தன என்று கேட்பேன். உட்கார்ந்திருப்பவர்கள் "அட" என்று நிமிர்வார்கள். அந்த "அட"வுக்காகத்தான் வாரம் முழுக்கப் படித்தேன் என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்வதில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

என் மனைவி மட்டும் நிமிரமாட்டாள். "உங்க வெளிச்சம் டார்ச் லைட்டு மாதிரி. ஊர்ல இருக்கிறவங்க மூஞ்சியெல்லாம் நல்லாத் தெரியும். பிடிச்சிருக்கிற ஆள் மூஞ்சி மட்டும் இருட்டுலயே இருக்கும்" என்பாள். அதை நான் ஒரு நல்ல உவமையாக எடுத்துக்கொண்டு இரண்டு பிரசங்கங்களில் பயன்படுத்தியிருக்கிறேன்.

நெய்வேலியில் நான் பழுதுபார்க்கும் பணிமனை ஒன்றில் அதிகாரியாக இருந்தேன். கூட்டம் வாரம் ஒரு குவார்ட்டர்ஸில் நடக்கும். திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள், நாகர்கோவில்காரர்கள், திருச்சிக்காரர்கள், பக்கத்து ஊர்களிலிருந்து வரும் சில குடும்பங்கள், எல்லாரும் எல்லாருக்கும் பிரதர், சிஸ்டர். ஆனாலும் நாற்காலிகள் பெர்மனென்ட் ஆட்களுக்கும், பாய் காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் என்று எப்படியோ அமைந்துவிட்டது. யாரும் அப்படிச் சொன்னதில்லை. நாற்காலி காலியாக இருந்து, உட்காருங்கள் என்று கூப்பிட்டாலும், "இருக்கட்டுங்க, எனக்குப் பாய்தான் வசதி" என்றுதான் பதில் வரும். விருந்துகளில் முதன்மையான இடங்களை விரும்புகிறவர்களைப் பற்றிய பகுதியை நான் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்துதான் விளக்கினேன்.

பாயில் உட்காருகிறவர்களில் ஒருவன் பக்கத்தில் வடக்குத்து என்ற ஊரிலிருந்து மனைவியோடு வருவான். அப்போது அவனுக்கு முப்பது வயதைத் தாண்டியிருக்கும். நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிதறி விழுவதை அள்ளிச் சுத்தம் செய்கிற காண்ட்ராக்ட் வேலை அவனுக்கு. சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. பாட்டுப் பாடும்போது இரண்டாவது அடியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடுவான், பிறகு கடைசி அடியில் வந்து சேர்ந்துகொள்வான். அவனை வேலைக்கு வைத்திருந்த காண்ட்ராக்டரிடமே மரக்கன்று நர்சரி வேலையும் இருந்தது. நிழல், தண்ணீர், பச்சை. பெல்ட்டிலிருந்து நர்சரிக்கு மாறினால் அவன் பிழைத்துக்கொள்வான். அந்தக் காண்ட்ராக்டர் தினமும் காலையில் என் மேஜைக்கு முன்னால் வந்து "குட் மார்னிங் சார்" சொல்லாமல் போனதில்லை.

இங்கே ஜெபக்குறிப்பு என்ற வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டத்தின் கடைசியில் "ஜெபக்குறிப்பு இருக்கா?" என்று கேட்பார்கள். அவரவர் தேவையைச் சொல்வார்கள், ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து ஜெபிப்பார், ஆமென் சொன்னதும் டிபன் வரும். ஆனால் "தங்கச்சிக்கு வரன் பாக்குறோம், ஜெபத்துல வெச்சிக்கோங்க" என்று ஒருவர் சொன்னால், உங்கள் அக்கா மகன் சும்மாதானே இருக்கிறான் என்று அதற்கு அர்த்தம். மனிதனிடம் நேராகக் கேட்பது கூச்சம். அதனால் கடவுளிடம் கேட்பதுபோல, கேட்க வேண்டிய மனிதனின் காதில் விழும்படி கேட்பது எங்கள் பழக்கம். அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். சிலர் மறுநாளே போய் உதவுவார்கள். சிலர் ஜெபம் மட்டும் பண்ணுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் பாயில் முழங்காலிட்டு நிமிர்ந்தான்.

"பெல்ட்டு அடியில தூசிங்க. ராத்திரில படுத்தா மூச்சு வாங்குதுங்க. நர்சரிப் பக்கம் மாத்திக் குடுத்தா நல்லா இருக்கும்ங்க. ஜெபத்துல வெச்சிக்கோங்க."

சொல்லும்போது அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அன்று என்னைவிட வேகமாகக் கண்ணை மூடியவர்கள் யாரும் இல்லை.

நான்தான் ஜெபித்தேன். நன்றாக ஜெபித்தேன். அதிகாரத்தில் இருப்பவர்களின் மனத்தை வாய்க்கால் தண்ணீரைப்போல நீர் நினைத்த பக்கம் திருப்புகிறவர் அல்லவா ஆண்டவரே, இந்த சகோதரனுக்காக ஒரு மனத்தைத் திருப்பும் என்றேன். பாயிலிருந்து ஒரு விம்மல்கூடக் கேட்டது. மறுநாள் காலை காண்ட்ராக்டர் வந்து நின்றார். "குட் மார்னிங்" என்றேன். ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

ஏன் என்றால், நான் சிபாரிசு செய்யாத மனிதன். பணிமனையில் எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. சொந்தக்காரன் வந்தாலும் கைவிரித்துவிடுவார் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெயரை நான் பூச்செடிபோல வளர்த்தேன். ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளிக்காக வாயைத் திறந்தால் நாளைக்குப் பத்துப் பேர் வந்து நிற்பார்கள் என்று மனைவியிடம் விளக்கினேன்.

"பத்துப் பேருக்கும் மூச்சு வாங்குதுன்னா பத்துப் பேருக்கும் சொல்லுங்களேன்" என்றாள்.

"உனக்கு ஆபீஸ் விஷயம் புரியாது."

"அது சரி."

இரண்டு வாரம் கழித்து எங்கள் குவார்ட்டர்ஸ் பலாமரத்தின் ஒரு கிளை கூரைமேல் சாய்ந்துவிட்டது. காலையில் காண்ட்ராக்டரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். மத்தியானம் இரண்டு ஆட்கள் அரிவாளோடு வந்து நின்றார்கள். ஒருவன் அவன்தான். "ஐயா வூடுன்னு சொன்னாங்க, நானே வர்றேன்னு சொல்லிட்டேன்" என்று சந்தோஷமாக மரத்தில் ஏறினான். கிளைக்கு நடுவே உட்கார்ந்து இழுத்து இழுத்து மூச்சுவிட்டான். கீழே நின்று "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி அவனுக்கு மோர் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"பலாக்கிளைக்கு ஒரே வார்த்தைல ஆள் வந்துட்டாங்க. அதையும் ஜெபத்துலதான் வெச்சீங்களா?"

அன்று மோர் எனக்கு வரவில்லை.

ஜெபத்தில் வைப்பது அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளிலும் தொடர்ந்தது. இந்தச் சமயத்தில்தான் பெதஸ்தா குளத்தைப் பற்றிப் பேச என் முறை வந்தது. கதை எல்லாருக்கும் தெரியும். எருசலேமில் ஒரு குளம், சுற்றிலும் மண்டபம். தண்ணீர் கலங்கும் நேரத்தில் முதலில் இறங்குகிறவன் குணமாவான். முப்பத்தெட்டு வருஷமாக நோயோடு ஒருவன் அங்கே கிடக்கிறான். இயேசு அவனிடம் வந்து, குணமாக விருப்பமா என்று கேட்கிறார். அவன், தண்ணீர் கலங்கும்போது என்னைத் தூக்கி இறக்கிவிட ஆள் இல்லை, நான் போவதற்குள் வேறு ஒருவன் இறங்கிவிடுகிறான் என்கிறான்.

அன்று நான் கண்ட புது வெளிச்சம் இது: கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொல்லவில்லை. விருப்பமா என்றால் ஆம் என்று சொல்ல வேண்டியதுதானே? சாக்குச் சொல்கிறான். ஆள் இல்லை, ஆள் இல்லை என்கிறான். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளைக்கு ஒரு சாண் நகர்ந்திருந்தாலும் குளத்துக்குள் விழுந்திருக்கலாமே! பிரியமானவர்களே, நாமும் மனிதனுடைய தயவை எதிர்பார்த்துக் கிடக்கிறோம் அல்லவா?

"அட" எழுந்தது. நாற்காலிகளிலிருந்துதான் எழுந்தது. பாயிலிருந்து சத்தம் வரவில்லை, அந்தப் பக்கம் நான் பார்க்கவும் இல்லை. முடிந்ததும் ஒரு பிரதர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நாளைக்கு ஒரு சாண்! இதுவரைக்கும் யாரும் இப்படி யோசிச்சதே இல்ல பிரதர்."

அதற்குப் பிறகு சில வாரங்களில் அவனும் மனைவியும் வருவது நின்றுவிட்டது. வேலையை விட்டுவிட்டான், வடலூர்ப் பக்கம் போய்விட்டான் என்றார்கள். காண்ட்ராக்டர் வழக்கம்போல வந்து குட் மார்னிங் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்தில் அவனுக்காக ஒருமுறை ஜெபித்துவிட்டு அந்தக் குறிப்பை முடித்துக்கொண்டோம்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்தோம். குட் மார்னிங்குகள் நின்றுபோயின. நானும் சர்வீஸில் ஏறக்குறைய முப்பத்தெட்டு வருஷம் இருந்தவன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் அதைப் பிரசங்கத்தில் சேர்க்கவில்லை.

சென்ற வருஷம் வடலூரில் பஸ் மாறுவதற்காக இறங்கி நின்றபோது பின்னாலிருந்து "ஐயா!" என்று ஒரு குரல். அவன்தான். தலை நரைத்திருந்தது. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீயும் வடையும் போடுகிற கடை. உள்ளே அவன் மனைவி வடை தட்டிக்கொண்டிருந்தாள். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, முகம் மலர, கடையில் நின்றவர்களிடம் அறிமுகம் செய்தான்.

"இவருதான் நான் சொல்லுவனே, அந்த ஐயா. பெரிய ஆபீசரு. எனக்காவ அந்தக் காண்ட்ராக்டருகிட்ட எவ்ளோ சொல்லிப் பாத்தாரு தெரியுமா? அந்தாளு மனசு எறங்கல. நான் போயி கேட்டேன், ஐயா சொல்லியும் மாத்த மாட்டேன்றியேன்னு. எந்த ஐயாடா, எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியேன்னு பொய்யி பேசுனான். வந்துது பாரு எனக்கு ஆத்திரம்! கரி அள்ளுற சவுள அங்கயே கடாசிட்டு வந்துட்டேன்."

"செம ஆளுய்யா நீ" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்தவர்.

வெள்ளிக்கிழமைதோறும் அவ்வளவு உருக்கமாக ஜெபிக்கிற மனிதன் மறுநாள் ஒரு வார்த்தை சொல்லியிருப்பான் என்று அவன் நினைத்திருக்கிறான். நினைக்காமல் எப்படி இருப்பான்? அதற்குத்தானே ஜெபக்குறிப்பு. என் ஜெபத்தை நம்பித்தான் அவன் ஒரு உண்மையைப் பொய் என்றும், அதைச் சொன்னவரைப் பொய்யர் என்றும் சொல்லி, வேலையைத் தூக்கி எறிந்திருக்கிறான்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது. உண்மையில் அது என் பஸ் இல்லை. ஆனாலும் ஏறிவிட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல், "அந்தப் பஸ் எங்க போச்சு?" என்று கேட்டாள்.

"பண்ருட்டிக்கு."

"நல்ல வேளை. மெட்ராஸ் பஸ்ஸா இருந்தாலும் ஏறியிருப்பீங்க."

சில மாதங்கள் அப்படியே ஓடின. இந்த வருஷம் கூட்டத்தில் பழைய பகுதிகளைத் திரும்ப எடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். "பெதஸ்தா குளம் நீங்கதான் பிரதர். அந்த ஒரு சாண் விஷயத்த மறக்க முடியுமா?" என்றார்கள். இதைவிடப் புதிதாக ஒன்று சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

எத்தனையோ தடவை படித்த பகுதி. இந்த முறை, அந்த மனிதனின் பதிலில் தட்டுப்பட்டு நின்றேன். குணமாக விருப்பமா என்று கேட்டால், இறக்கிவிட ஆள் இல்லை என்கிறான். அது சாக்கு இல்லை. அதுதான் ஜெபக்குறிப்பு. முன்னால் நிற்கிற மனிதனிடம், நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு, நீ இறக்கிவிடுவாயா என்று கேட்கிறான். எங்கள் கூட்டத்துப் பாயில் கேட்ட அதே பாஷை. அதற்கு இயேசு என்ன செய்கிறார் என்று மேலே படித்தேன். அங்கே அவர் ஜெபம் பண்ணவில்லை. அந்த அதிகாரத்தை முன்னும் பின்னும் தேடிப் பார்த்துவிட்டேன். கண்ணை மூடவில்லை, தலை குனியவில்லை. எழுந்திரு, படுக்கையை எடுத்துக்கொண்டு நட என்கிறார், அவ்வளவுதான். பிறகு ஒரு கூட்டம் வருகிறது. அவன் நடக்கிறானே என்று அது சந்தோஷப்படவில்லை. ஓய்வுநாளில் படுக்கையைச் சுமப்பது விதிக்கு விரோதம், உன்னைச் சுமக்கச் சொன்னது யார் என்று விசாரிக்கிறது. இத்தனை வருஷம் அந்தக் கதையில் எனக்கு இடம் எங்கே என்று நான் தேடியதே இல்லை. இப்போது தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. சிபாரிசு செய்யாத மனிதர்கள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள்.

உடனே எனக்குத் தோன்றியது, வெட்கத்தோடு எழுதுகிறேன், இதற்கு எவ்வளவு பெரிய "அட" வரும் என்பதுதான். குறிப்புகூட எடுக்க ஆரம்பித்துவிட்டேன். மனைவி காபியை வைத்துவிட்டுத் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"இத வெள்ளிக்கிழமை சொல்லப் போறீங்களா, வடலூர்ல சொல்லப் போறீங்களா?"

வடலூருக்குப் போனேன். கடையில் கூட்டம் குறையும்வரை நின்றேன். பிறகு சொன்னேன்.

"தம்பி, நான் காண்ட்ராக்டர்கிட்ட உனக்காக ஒரு வார்த்தைகூடப் பேசல. அவர் சொன்னது நெசம்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் டம்ளரை அப்படியே கீழே வைத்தான்.

"ஒரு வார்த்த கூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

உள்ளேயிருந்து அவன் மனைவி, கை நிறைய மாவோடு எட்டிப்பார்த்தாள். "நான் அப்பவே இவர்கிட்ட சொன்னேங்க. அந்த ஐயா கண்ண மூடிகினா அவ்ளோதான், தொறக்கவே மாட்டாருன்னு. கேட்டாத்தானே இந்த மனுசன்!"

"நீ சும்மா இரு" என்றான் அவன். பிறகு என்னைப் பார்த்தான். "அப்ப இத்தினி வருசமா உங்கள வெச்சி நான் பெரும பேசிகினு இருந்ததெல்லாம் வேஸ்டுங்களா?"

ஆமென்று தலையாட்டினேன்.

"அந்த மனுசன் சத்தியம் பண்ணாருங்க. பெத்த புள்ளைங்க மேல சத்தியம் பண்ணாரு, ஒருத்தரும் சொல்லலடான்னு. நான் என்னா பேச்செல்லாம் பேசினேன் தெரியுமா? புள்ள குட்டி வெளங்காதுன்னு சொல்லிட்டு வந்தேன். மண்ண வாரி எறைச்சிட்டு வந்தேங்க." அவனுக்கு மூச்சு இழுத்தது. என்னைத் திட்டுவான் என்று தயாராகப் போயிருந்தேன். அவன் என்னை விட்டுவிட்டுத் தன்னைப் பிடித்துக்கொண்டான். "அவரு எங்க இருக்காருங்க இப்ப?"

"வடக்குத்துலதான். எங்க வீட்லருந்து நாலு தெரு தள்ளி."

"நான் போனா கதவ தொறக்க மாட்டாரு. நான் மன்னிப்புக் கேட்டேன்னு நீங்க போயி சொல்லுங்க ஐயா. அன்னைக்கு சொல்லாத வார்த்தைய இன்னைக்காவது சொல்லிடுங்க."

"அத ஜெபத்துல வெச்சிக்கினு இருந்துடாதீங்க" என்றாள் அவன் மனைவி.

அன்று மாலையே போனேன். காண்ட்ராக்டர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை நோயில் உடம்பு பாதியாகியிருந்தது. நான் கேட்டைத் திறந்ததும், யார் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கைப்பிடியை ஊன்றி எழுந்திருக்க முயன்றார். "குட் மார்னிங் சார்!" என்றார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மன்னிப்புக் கேட்டதையும் சொன்னேன்.

"நல்ல பையன் சார் அவன். அவன் மண்ண வாரி எறைச்சதுல எங்க வீட்ல என் சம்சாரம் மூணு நாள் சாப்பிடல. அவ போய்ச் சேர்ற வரைக்கும் அதச் சொல்லிகினே இருந்தா. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தி விட்டிருப்பனே சார். நர்சரில எனக்கு ஆள் பத்தாமத்தான் இருந்தது."

இதற்கு ஆறுதலாக எந்த வேதபகுதியும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. தேடவும் இல்லை.

"போவட்டும் சார். அவன வரச்சொல்லுங்க. டீயோட வரச்சொல்லுங்க, சக்கர இல்லாம" என்றார். புறப்படும்போது, சாதாரணமாகச் சொல்வதுபோல, "எனக்கும் கண்ணுல பொரை சார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில வெள்ளிக்கெழம வரச்சொல்லி இருக்கான். பையனுங்க ரெண்டு பேரும் வெளிநாடு. கூடப் போவ ஆள் இல்ல. நீங்கதான் ஜெபம் பண்ணுவீங்களே, பண்ணுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை. பெதஸ்தா குளத்தைப் பற்றி நான் பேச வேண்டிய வெள்ளிக்கிழமை. என் புது வெளிச்சம் நான்கு பக்கங்களில் மேஜைமேல் தயாராக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில், அடுத்த வாரம் போகலாமா என்று கேட்டால் என்ன என்று இரண்டு தெருவுக்கு யோசித்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மூன்றாவது தெருவில் திரும்பிப் போய், விடியற்காலை வண்டியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் கண் மருத்துவமனையில் பெஞ்சு பெஞ்சாக மாறி உட்கார்ந்திருந்தோம். கண்ணில் கட்டோடு அவரைக் கொண்டுவந்து வீட்டில் விட்டபோது, நான் சொல்லியனுப்பியிருந்தபடி வடலூரிலிருந்து பிளாஸ்க்கில் டீ வந்திருந்தது. கொண்டுவந்தவன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தான். காண்ட்ராக்டருக்கு ஒரு கண்ணில் கட்டு, மற்றதும் மங்கல், ஆளைத் தெரியவில்லை. இழுக்கிற மூச்சை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். "உள்ள வாடா" என்றார். நான் அவர்களை விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் மனைவி கூட்டம் முடிந்து வந்து, புடவை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்ன அவங்ககிட்ட?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார்னு சொன்னேன். யாருக்குன்னு சொல்றதுக்குள்ள எல்லாரும் கண்ண மூடிட்டாங்க. உங்க சுகத்துக்காக ரொம்ப நேரம் ஜெபம் பண்ணாங்க. ரெண்டு பேர் அழுதாங்க."

என் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். அழைப்பு ஒன்றும் இல்லை.

"யாரும் போன் பண்ணலையே?"

"எப்படிப் பண்ணுவாங்க? ஆமென் சொல்லிக் கண்ணத் திறந்தா எதிர்ல கேசரி" என்றாள்.